யாழ்ப்பாணத்தில் உருப்படியான ரம் கொக்டெயில்: எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

காரைநகர் கசூரினாவில் குளித்துவிட்டு, காலில் ஒட்டிய மணலோடு அப்படியே ஒரு கொட்டிலுக்குள் நுழைந்து ரம் பஞ்ச் வாங்கிக் குடிக்கலாம் என்ற நினைப்போடு வருகிறவர்கள் அதை வவுனியாவிலேயே இறக்கி வைத்துவிட்டு வருவது நல்லது. உனவட்டுன, ஹிக்கடுவ, அறுகம்பை பக்கம் இருப்பது போல யாழ்ப்பாணத்தில் கடற்கரையை ஒட்டிய பார்கள் இல்லை. கசூரினா, வேலணைச் சாட்டி, வடமராட்சியில் மணற்காடு எல்லாமே குடும்பமாகப் போய்க் குளித்து, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைச் சாப்பிட்டு, இருட்ட முன்னர் வீடு திரும்பும் இடங்கள். அங்கே போத்தலைத் திறப்பது சட்டத்துக்கும் சரிவராது, பக்கத்தில் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கும் சரிவராது.

அதனால் இங்கே ஒழுங்கு வேறு. பகலில் கடல், பின்னேரம் அறைக்கு வந்து குளிப்பு, அப்புறம் நகரத்தில் ஒரு ஹோட்டல் பார். அந்தப் பாரில் நல்ல ரம் கொக்டெயில் கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் மெனுவைப் பார்த்து விரலை வைத்துக் காட்டினால் கிடைக்காது. மெனுவில் மைடாயும் பினாகொலாடாவும் வரிசையாக இருக்கும். வருவதோ பல தடவை நிறம் போட்ட இனிப்புத் தண்ணீர். எளிமையான ஒன்றைக் கேட்டு, பார்க்காரரோடு நாலு வார்த்தை பேசி, அங்கே உண்மையில் என்ன நன்றாக இருக்கிறதோ அதைச் செய்விக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

படி 1: முதலில் கலண்டரைப் பாருங்கள்

பௌர்ணமி தோறும் வரும் போயா நாளில் இலங்கை முழுவதும் மது விற்பனை இல்லை. ஹோட்டல் பாருக்கும் அதே சட்டம்தான். வெசாக் என்றால் இரண்டு நாள். கொழும்பிலிருந்து எட்டு மணித்தியாலம் ரயிலில் வந்து இறங்கி, அன்றைக்குப் போயா என்று கேள்விப்படுவது தேவையில்லாத வேதனை. அறை பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆடி, ஆவணியில் வரும். அந்த நாட்களில் பாதி ஊர் மச்சம் சாப்பிடாது. அப்போது வருகிறவர்கள் சப்பறம், தேர் பார்க்க வாருங்கள். கொக்டெயில் தேடுவதற்கு வேறு மாதம் இருக்கிறது.

வயது 21 ஆகியிருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் தொடர்பான சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டில் 18, 19 வயதிலேயே சட்டப்படி குடிக்கும் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதி 2018 சனவரியில் நீக்கப்பட்டது. சில நாட்களிலேயே அந்த நீக்கத்தை ரத்துச் செய்துவிட்டார்கள். விதி அப்படி இருந்தாலும் சுற்றுலா ஹோட்டல்களின் பார்களில் பெண்கள் கேட்டால் பரிமாறுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதும் குறைவு. நகரத்துச் சாதாரண பார்கள் வேறு கதை. உள்ளே முழுக்க ஆண்கள், முழுக்கப் புகை.

படி 2: எந்த மாதிரி இடம்

யாழ்ப்பாணத்தில் குடிக்கும் இடங்கள் மூன்று வகை. கள்ளுத் தவறணை ஒன்று. மரத்தால் இறக்கிய கள்ளு, பக்கத்தில் பொரித்த மீனோ அவித்த கடலையோ, அவ்வளவுதான். அது தனி இன்பம், அதைக் கொக்டெயிலோடு குழப்ப வேண்டாம். இரண்டாவது, வீதியோரத்து பார். சாராயமும் பியரும் ஓடும் இடம். அங்கே மொஹிட்டோ கேட்டால் பரிமாறுகிற தம்பி பாவம், உங்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் கூச்சப்படுவார். மூன்றாவது, உரிமம் உள்ள சுற்றுலா ஹோட்டல்களின் பார். நமக்கு வேண்டியது இதுதான்.

மகாத்மா காந்தி வீதியில் உள்ள ஜெட்விங் யாழ் ஹோட்டலின் மேல்மாடி பார் பலருக்கும் முதல் நிறுத்தம். உயரமான கட்டடங்கள் அதிகம் இல்லாத ஊர் என்பதால், மேலே ஏறினால் கூரைகள், பனைகள், அப்பால் கடல்நீரேரி என்று கண்ணுக்கு எட்டிய வரை தெரியும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அதே குழுமத்தின் நோர்த் கேட் இருக்கிறது. இவை தவிர நகரத்திலும் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கமும் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. ஒன்று கவனியுங்கள்: இங்கே பெரிய ஹோட்டல் என்றால் பார் இருந்தே தீரும் என்றில்லை. சைவச் சாப்பாடு மட்டும், மது இல்லை என்று நடத்துகிறவர்களும் உண்டு. போக முன்னர் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அழைக்கும்போது "பார் இருக்கிறதா" என்று கேட்டால் "ஓம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "இன்றைக்குக் கொக்டெயில் செய்கிறவர் இருக்கிறாரா, எத்தனை மணி வரை" என்று கேளுங்கள். பல இடங்களில் கொக்டெயில் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் லீவு என்றால் அன்றைக்கு பியர்தான் உத்தமம்.

போக நல்ல நேரம், கிழமை நாளில் பின்னேரம் ஆறு, ஆறரை. வெயில் தாழ்ந்திருக்கும். பார்க்காரர் அப்போதுதான் கடையை விரித்து வைத்திருப்பார், கையிலும் வேலை இராது. சனி இரவு ஒன்பது மணிக்குப் போய், மேசைக்குப் பன்னிரண்டு பேர் பிறந்தநாள் கொண்டாடும் இடத்தில் நின்று "தம்பி, இந்தச் சீனிப் பாணி எப்படிச் செய்தது" என்று கேட்டால் பதில் எப்படி வரும்?

படி 3: மேசையில் உட்காராதீர்கள், பாரின் முன்னால் உட்காருங்கள்

மேசையில் இருந்தால் கிளாஸ் மட்டும்தான் வரும். முன்னால் இருந்தால் எல்லாம் தெரியும். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

தேசிக்காய். ரம் கொக்டெயில்களில் பெரும்பாலானவை ரம், புளிப்பு, இனிப்பு என்ற மூன்று காலில் நிற்பவை. புளிப்புக் கால் உடைந்தால் மற்ற இரண்டும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. நம்முடைய தேசிக்காய் சின்னது, விதை அதிகம், புளிப்பும் வாசமும் தூக்கல். ரம்முக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. ஆனால் தேசிக்காய் விலை ஏறும் மாதங்களில் சில இடங்கள் போத்தலில் வரும் தேசிக்காய்க் கோடியலுக்கு மாறிவிடும். அதில் சீனியும் பதப்படுத்தும் மருந்தும் கலந்திருக்கும். குடித்த பிறகு நாக்கில் ஒரு கசப்பு தங்கும். பார் மேசையில் தேசிக்காய் ஒரு கூடையிலோ தட்டிலோ கண்ணுக்குத் தெரிந்தால் பாதிக் கவலை விட்டது. தெரியாவிட்டால் கேளுங்கள்: "தம்பி, தேசிக்காய் இப்ப வெட்டிப் பிழியிறதோ, பிழிஞ்சு வச்சிருக்கிறதோ?" காலையில் பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது பரவாயில்லை. நேற்றையது வேண்டாம்.

ஐஸ். இதை யாரும் கவனிப்பதில்லை, கெடுப்பது பெரும்பாலும் இதுதான். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. நிலத்தடி நீர்தான் நமக்கு எல்லாம். அது பல இடங்களில் வன்மையானது, கரையோரங்களில் உவர். வடிகட்டாத கிணற்றுத் தண்ணீரில் உறைய வைத்த ஐஸ் உருகும்போது அந்தச் சுவையும் சேர்ந்து இறங்கும். குலுக்கிச் செய்யும் கொக்டெயிலில் முடிவில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு உருகிய ஐஸ்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பாரதூரம் புரியும். நல்ல ஹோட்டல்கள் சுத்திகரித்த தண்ணீரில் ஐஸ் செய்கின்றன. கண்ணால் பார்த்து அறிய வேண்டியது இன்னொன்று: ஐஸ் வாளியில் கட்டிகள் தனித்தனியாக, காய்ந்து கிடக்கின்றனவா, அல்லது தண்ணீரில் மிதக்கின்றனவா? மிதந்தால் உங்கள் பானம் குளிர முன்னரே தண்ணீராகிவிடும். "புது ஐஸ் போட்டுச் செய்யுங்கோ" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் செய்வார்கள்.

போத்தல்கள். அலுமாரியில் என்ன ரம் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு மதுவுக்கு இலங்கையில் வரி கடுமை. அதனால் பக்கார்டி போன்ற ஒரு வெள்ளை ரம், கப்டன் மோர்கன் போன்ற ஒரு கறுப்போ வாசனை சேர்த்ததோ, இந்த இரண்டோடு பல பார்கள் நின்றுவிடும். அது போதும். ஜமேக்கா, மார்டினிக் ரம்களைத் தேடி இங்கே வர வேண்டியதில்லை. சில இடங்களில் மெனுவில் ரம் என்று போட்டுவிட்டுச் சாராயத்தை ஊற்றுவதும் நடக்கும். சாராயம் கெட்டதில்லை, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் ரம்முக்குக் காசு கொடுக்கும்போது ரம் வர வேண்டும். போத்தலைக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் போத்தலில் இருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். எங்கே போனாலும் பெயரில்லாத போத்தலிலிருந்து ஊற்றுவதைத் தொடாதீர்கள். கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தால் கண்ணையும் உயிரையும் விட்டவர்களின் செய்தி நம் நாட்டில் புதிதில்லை.

படி 4: முதலாவதாக ஒரு டைக்கிரி

பலருக்கு டைக்கிரி என்றால் மிக்சியில் அடித்த, சிவப்பான, குடை குத்திய ஒன்று. உண்மையான டைக்கிரி அப்படி இல்லை. கியூபாவின் கிழக்கே சந்தியாகோ பக்கத்தில் உள்ள டைக்கிரி என்ற சுரங்க ஊரின் பெயர் அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பிறந்தது என்பார்கள். வெள்ளை ரம், தேசிக்காய்ச் சாறு, சீனி. வேறு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாததால்தான் அதை முதலில் கேட்கச் சொல்கிறேன். ஒளிந்துகொள்ள இடமில்லாத பானம். அன்னாசிச் சாறும் நிறப் பாணியும் போட்டு மூடி மறைக்க முடியாது. ஒரு டைக்கிரியில் அந்த பாரின் தேசிக்காய், ஐஸ், கை அளவு மூன்றும் தெரிந்துவிடும்.

மெனுவில் இல்லாவிட்டாலும் கேட்கலாம். அளவைச் சொல்லியே கேளுங்கள்: ரம் 60 மில்லி, தேசிக்காய்ச் சாறு 25, சீனிப் பாணி 20. சீனிப் பாணி என்பது சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்தது. இல்லை என்றால் இரண்டு தேக்கரண்டி சீனியைத் தேசிக்காய்ச் சாற்றில் முதலில் நன்றாகக் கரைத்துவிட்டுப் பிறகு ரம்மை ஊற்றச் சொல்லுங்கள். ரம்மில் சீனி இலகுவில் கரையாது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரம் அளவைக் கட்டாயம் கேட்க வேண்டும். சில இடங்களில் கொக்டெயிலுக்கு 25 மில்லிதான் ஊற்றுவார்கள். அது பழரசத்துக்கு ரம் காட்டிய கதை. இரட்டை அளவுக்கு மேலதிகக் காசு என்றால் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.

இனி அவர் செய்வதைப் பாருங்கள். சில மாதங்களுக்கு முன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நான் பார்த்த பொடியன், இருபத்தைந்து வயது இருக்கும், தேசிக்காயை உள்ளங்கையால் பலகையில் அழுத்தி இரண்டு உருட்டு உருட்டினான். பிறகு வெட்டினான். காம்புப் பக்கத்திலிருந்து நேர் கீழாக வெட்டாமல், நடுவில் குறுக்காக. அப்படி வெட்டினால் சாறு முழுக்க வரும். ஒரு சின்ன வடியின் மேல் பிழிந்து, விதையைத் தட்டிக் கொட்டினான். கடைசித் துளிக்காகத் தோலைப் போட்டு நசுக்கவில்லை. நசுக்கினால் தோலின் எண்ணெயும் கசப்பும் இறங்கும். அளவுக் கிண்ணத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து ரம்மை ஊற்றினான். ஷேக்கரை மூடி, தோளுக்கு மேலே வைத்து, ஐஸ் இரண்டு பக்கமும் மோதும் சத்தம் கேட்கப் பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கினான். வெளியில் வெள்ளையாகப் பனி படிந்தது. கிளாஸை அதுவரை ஐஸ் தண்ணீரில் வைத்திருந்தான். ஊற்றியதும் மேலே மெல்லிய நுரை. "அண்ணை, குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்கோ, புளிப்புக் கூடினா இன்னும் கொஞ்சம் பாணி விடுறன்" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்கிற பார்க்காரர் கிடைத்தால் அன்றைய இரவு வேறு இடம் தேட வேண்டாம்.

குடிக்கும்போது முதல் வாயில் புளிப்பு, நடுவில் கரும்பின் வாசம், முடிவில் வாய் சுத்தமாக இருக்க வேண்டும். உதட்டில் ஒட்டினால் இனிப்பு கூடிவிட்டது. இரண்டாவது வாயிலேயே சப்பென்று இருந்தால் ஐஸ் பிழை. தொண்டையில் மருந்து வாசம் வந்தால் கோடியல். என்ன பிழை என்று தெரிந்துவிட்டால் அடுத்து என்ன கேட்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்றும் தெரியும். தேசிக்காய் சரியில்லாத இடத்தில் மொஹிட்டோவும் சரிவராது, மைடாயும் சரிவராது. ஜிஞ்சர் பியரோடு ரம் சரிவரும்.

படி 5: மெனுவில் உள்ள பெயர்களை எப்படி வாசிப்பது

மொஹிட்டோ. வெள்ளை ரம், தேசிக்காய், சீனி, புதினா, சோடா. சோடாவுக்குப் பதில் ஸ்பிரைட் ஊற்றும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. "ஸ்பிரைட் வேண்டாம், வெறும் சோடா" என்று முதலே சொல்லிவிடுங்கள். புதினா நம் வெயிலில் ஒரு நாளிலேயே வாடும். இலை கறுத்திருந்தால் வேறு ஏதாவது கேளுங்கள். இலையைச் சம்பல் இடிப்பது போல இடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்; மெதுவாக அழுத்தினாலே வாசம் வரும், இடித்தால் பச்சைக் கசப்புத்தான் வரும்.

பினாகொலாடா. புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கரீபே ஹில்டன் ஹோட்டலில் 1954இல் பிறந்ததாக அந்த ஹோட்டல் சொல்கிறது. 1978இல் அந்தத் தீவு இதைத் தன் தேசிய பானமாக அறிவித்தது. ரம், அன்னாசி, இனிப்பான தேங்காய்க் கிறீம். தேங்காய் விளையும் நாட்டில் இது தூள் தூளாக இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பால்மா, வனிலா ஐஸ்கிறீம், பெட்டி அன்னாசிச் சாறு என்று போட்டு ஒரு மில்க் ஷேக்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். என் ஆலோசனை: "தேங்காய்ப்பால் பிழிஞ்சதா?" என்று கேளுங்கள். எந்த ஹோட்டல் குசினியிலும் காலையில் சொதிக்கும் கறிக்கும் தேங்காய் திருவியிருப்பார்கள். கெட்டியான முதற்பால் ஒரு அரைக் கிளாஸ் குசினியிலிருந்து எடுத்து, சீனிப் பாணி கலந்து, அன்னாசித் துண்டுகளோடு அடித்தால் வருகிற பானம் டின் கிறீமில் செய்ததைவிட இலேசானது. முதற்பால் புதிதாக இருக்க வேண்டும், அடித்த உடனே குடிக்க வேண்டும். வைத்திருந்தால் பிரிந்து எண்ணெய் மேலே வரும். அன்னாசி நம் மண்ணில் அதிகம் விளைவதில்லை, கம்பஹா, குருநாகல் பக்கத்திலிருந்து வருவதுதான். நன்றாகப் பழுத்து வந்த நாள் பார்த்துக் கேட்க வேண்டும். பாரின் பக்கத்தில் வாசம் வந்தாலே தெரியும். ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்லுங்கள், வித்தியாசத்தைப் பாருங்கள்.

மைடாய். இதைப் பற்றி என் கருத்து: யாழ்ப்பாணத்தில் கேட்காதீர்கள். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ட்ரேடர் விக் என்று பெயரெடுத்த விக்டர் பெர்ஜெரோன் 1944இல் செய்த மைடாயில் பழைய ஜமேக்கா ரம், தேசிக்காய், தோடம்பழ லிக்கர், வாதுமைப் பாணி எல்லாம் இருந்தன. அன்னாசிச் சாறு இல்லை. வாதுமைப் பாணி இங்கே பாரில் வைத்திருப்பவர்களைக் காண்பது அரிது. அது இல்லாத மைடாய்க்கு அன்னாசிச் சாறும் சிவப்புப் பாணியும் ஊற்றி, மேலே ஒரு செர்ரிப் பழத்தைக் குத்திக் கொடுப்பார்கள். "என்னென்ன போடுவீங்கள்?" என்று கேட்டுவிட்டு, வாதுமை என்ற சொல் வராவிட்டால் பக்கத்தைப் புரட்டுங்கள்.

நீல நிறத்தில் வரும் எதையும் நான் தொடுவதில்லை. அது என் பிரச்சினை.

ஜங்கிள் பேர்ட் என்று ஒன்று மெனுவில் கண்டால் துணிந்து கேளுங்கள். 1970களில் கோலாலம்பூர் ஹில்டனில் பிறந்த பானம். கறுப்பு ரம், அன்னாசி, தேசிக்காய், கம்பாரி என்ற கசப்பு லிக்கர். அதை மெனுவில் போடுகிறவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பலாம். பாகற்காய்க் குழம்பு பிடிக்கும் ஆட்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

பிளாண்டர்ஸ் பஞ்ச், ரம் பஞ்ச் இரண்டுக்கும் கரீபியனில் ஒரு பழைய கணக்கு உண்டு: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, தண்ணீரோ ஐஸோ நாலு. பார்க்காரருக்கு இதைச் சொல்லிச் செய்விக்கலாம். எனக்கு இரண்டு பங்கு இனிப்பு அதிகம், ஒன்றரை போதும். மேலே கொஞ்சம் சாதிக்காய் துருவிப் போட வேண்டும். சாதிக்காய் இலங்கையிலேயே விளைகிறது, குசினியில் கட்டாயம் இருக்கும். ஆனால் கேட்காவிட்டால் யாரும் போடுவதில்லை.

படி 6: இந்த ஊரில் எது நல்லதோ அதைச் செய்வியுங்கள்

மெனு தோற்றுப்போன இடத்திலும் இரண்டு மூன்று பானங்கள் காப்பாற்றும்.

முதலாவது, கறுப்பு ரம்மும் ஜிஞ்சர் பியரும். பெர்முடாக்காரர்கள் தங்கள் கறுப்பு ரம்மை ஜிஞ்சர் பியரின் மேல் மிதக்கவிட்டுக் குடிப்பதை உலகம் முழுக்க விற்கிறார்கள். நமக்கு எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் சின்ன வயதிலிருந்தே பழக்கம், வயிற்று வலிக்கு அம்மா வாங்கித் தந்தது. நீளமான கிளாஸ் நிறைய ஐஸ், ஜிஞ்சர் பியர் முக்கால் வரை, பாதித் தேசிக்காய் பிழிந்து, மேலே 50 மில்லி கறுப்பு ரம். எந்தக் கைக்கும் பிழைக்காத பானம். யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்து மிகவும் நம்பிக்கையாகக் கேட்கக்கூடியது இதுதான். வாசனை சேர்த்த ரம்மில் செய்தால் இனிப்பு கூடும், தேசிக்காயைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாம்பழம். கறுத்தக்கொழும்பான் பருவம் வைகாசி, ஆனியைச் சுற்றி. அந்த நேரம் வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஒரு பழத்தின் சதையை மசித்து, ரம் 50, தேசிக்காய் 25 மில்லியோடு ஐஸ் போட்டு அடிக்கச் சொன்னால் சீனியே வேண்டாம். பருவம் இல்லாத காலத்தில் மெனுவில் மாம்பழ டைக்கிரி இருந்தால் பெட்டியிலிருந்துதான் வரும். அந்தக் காசுக்குக் கொடித்தோடை இருக்கிறதா என்று கேட்கலாம். விதையோடு அப்படியே கரண்டியால் போட்டால் நல்லது.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது. ரம் என்பது கரும்பு. நம் ஊர்ச் சாராயம் தென்னையோ பனையோ. ஆனால் செய்முறை ஒன்றுதான்: இனிப்பு நீர் புளித்து, வடித்து, மரத்தில் கிடந்து வருவது. ஹல்மில்லை மரப் பீப்பாயில் கிடந்த நல்ல தென்னஞ்சாராயம், டைக்கிரி அளவில் ரம் இருந்த இடத்தில் தாராளமாக உட்காரும். மலிவான சாராயங்களில் தேங்காய்ச் சரக்கு கொஞ்சமும் வேறு மதுசாரம் மிச்சமுமாகக் கலந்திருக்கும். ஆகவே பழைய சாராயம், விலை கூடியதைக் கேளுங்கள். அதுவும் இறக்குமதி ரம்மைவிட மலிவாகவே முடியும். பனஞ்சாராயம் கிடைத்தால் இன்னும் விசேஷம். வடமராட்சியில் திக்கம் வடிசாலையின் பெயரோடு ஒட்டிப்போனது அது. நுகர்ந்த உடனே சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த வாசம் தேசிக்காயும் இனிப்பும் சேரும்போது பழுத்த பழத்தின் பக்கம் திரும்பிவிடும். ஜமேக்காவின் முரட்டு ரம்களை விரும்புகிறவர்களுக்கு உடனே பிடிபடும்.

இனிப்புக்குப் பனங்கட்டிப் பாணி. சம எடை வெந்நீரில் பனங்கட்டியைக் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடிக்க வேண்டும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சித்தான் பனங்கட்டி செய்கிறார்கள். அடியில் மண்டி இருக்கும். பாரில் இது இராது. நான் ஒரு சின்னப் போத்தலில் வீட்டிலேயே செய்து கையோடு கொண்டுபோனதுண்டு. முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள், பிறகு அவர்களே ருசி பார்த்தார்கள். ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள் குசினியில் காலையிலேயே சொல்லி வைத்தால் செய்து தருவார்கள். அளவு: பனஞ்சாராயம் 50 மில்லி, தேசிக்காய் 25, பனங்கட்டிப் பாணி 20, நிறைய ஐஸ், நன்றாகக் குலுக்கு. சாராயத்தின் காரம் பல ரம்களைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் கூடுதலாகக் குலுக்கித் தண்ணீராக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கள்ளைக் கொக்டெயிலில் கலக்கும் யோசனை சிலருக்கு வரும். பருவத்தில், அன்றைக்கு இறக்கிய கள்ளென்றால் சரி. போத்தல் கள்ளில் அந்தத் துடிப்பு இல்லை.

படி 7: கூடச் சாப்பிட, பில், வீடு போக

புளிப்பான பானத்துக்குப் பொரித்த றால், கணவாய், மீன் கட்லட். நண்டுக் கறியோடு பினாகொலாடா வேண்டாம், இரண்டும் கெடும். காரம் கூடிய டெவில் வகைகளோடு ஜிஞ்சர் பியர் போட்டது நன்றாகப் போகும். வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம். வெயிலில் கடலில் கிடந்துவிட்டு வந்த உடம்பு ஏற்கெனவே காய்ந்திருக்கும், முதலில் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர்.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் கூட்டல் அடையாளம் இருந்தால் 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் வரியும் மேலே வரும். ஆயிரம் ரூபாய் என்று நினைத்தது ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறில் நிற்கும். சேவைக் கட்டணம் எல்லாருக்கும் பங்கு பிரிப்பது. நல்ல பானம் செய்து தந்தவருக்குத் தனியாக ஏதாவது கையில் கொடுங்கள்.

மோட்டார் சைக்கிளில் வந்திருந்தால் அதை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு ஓட்டோ பிடியுங்கள். ஊர் நேரத்தோடு படுத்துவிடும், பத்து மணிக்குப் பிறகு வீதியில் ஓட்டோ தேடுவது கஷ்டம். பில் கேட்கும்போதே ஹோட்டல்காரரிடம் சொல்லி ஒன்றை வரச் சொல்லுங்கள். கிளம்ப முன்னர் பார்க்காரரிடம் எந்தெந்த நாள் வேலை, எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்டு வையுங்கள். அடுத்த முறை அந்த நாளில் போகலாம்.